சலுகை வேறு, உரிமை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மூத்தவர்களைப் பற்றி வந்த கட்டுரையில், ‘இவர்களுக்குத்தான் ஏகப்பட்ட சலுகைகள் இருக்கின்றனவே, பாகுபாட்டுக்கு எதிராகத் தனிச் சட்டம் எதற்கு?’ என்று ஒரு வரி. அதற்குப் பிறகு மீதிக் கட்டுரை மனதில் ஏறவே இல்லை.

எனக்கு வயது 71. போன வருடம் ஒரு கடையில் தவணைக்கு வாஷிங் மெஷின் வாங்கப் போனேன். ஓய்வூதியம் மாதம் தவறாமல் வருகிறது. கடன் எதுவும் கிடையாது. பிறந்த தேதியைத் தட்டியதும் அங்கிருந்த பையன், “சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது சார், மகன் பேர்ல போட்டுக்கலாமா?” என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. வருமானத்தைக்கூடப் பார்க்காமல், வயதை வைத்தே மறுக்கும்படி யாரோ அந்த சிஸ்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் யாரிடம் போய்க் காரணம் கேட்பது?

அதற்கு முன்பு பயணக் காப்பீடு. 70 வயதுக்கு மேல் படிவத்திலேயே இடமில்லை. அப்புறம் என் மனைவியின் முழங்கால் வலி. “இந்த வயசுல அப்படித்தான் இருக்கும்” என்றார் மருத்துவர். அதையும் அவளிடம் சொல்லவில்லை, கூட வந்த மகளிடம் சொன்னார். வலி அவளுக்கு, பதில் மகளுக்கு. அன்று வீடு திரும்பும் வரை அவள் வாய் திறக்கவில்லை.

வேலை விஷயத்தில் வயதுப் பாகுபாடு கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2000-லேயே விதி செய்துவிட்டது. அதைப் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் விரிக்க 2008-இல் முன்மொழிந்தார்கள். எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்புக்கொண்டாக வேண்டும் என்பதால் அது வருடக்கணக்கில் முடங்கிப் போனது. ஆனால் ஆஸ்திரேலியா 2004-இலேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம், 2012 அக்டோபரிலிருந்து சேவைகளிலும் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கிறது. அதனால் அங்கே மூத்தோர் சலுகைகள் சட்டவிரோதமாகிவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் காப்பீட்டுக்கும் கடனுக்கும் விலக்குகூட உண்டு. ஆனால் புள்ளிவிவரத்தைக் காட்டி வயதை ஒரு காரணமாக்கினால், அது நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். எங்கிருந்து எடுத்தது என்று மனித உரிமை ஆணையம் கேட்டால் சொல்லியாக வேண்டும். நாங்கள் கேட்பதும் இவ்வளவுதான். மறுக்கிறவர் காரணம் காட்டட்டும். சலுகை, கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுவிடும். அதைக் காட்டி எங்கள் உரிமையை வேண்டாததாக்குவது என்ன நியாயம்?

இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. முதியோர் உரிமைகளுக்கென ஓர் உடன்படிக்கையை வரைய, அரசுகள் கலந்துகொள்ளும் குழு ஒன்றை அமைக்க 2025 ஏப்ரலில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை தீர்மானித்தது. அந்தச் செய்தியைத் தங்கள் பக்கங்களில் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. சலுகைகளைப் பற்றிய கட்டுரைக்கு மட்டும் இரண்டு பக்கம் கிடைத்திருக்கிறது.

சட்டம் இயற்றுவது தங்கள் கையில் இல்லை, சரி. ஆனால் அதே இதழின் கடைசிப் பக்கத்தில் வந்த பயணக் கட்டுரைப் போட்டி அறிவிப்பில், ‘வயது 18 முதல் 60 வரை’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்த 60-ஐ மட்டும் அடுத்த இதழில் எடுத்துவிடுங்கள். என் கட்டுரை தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்