கயலுக்கு, கேள்விகளோடு

அன்புள்ள கயல்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மான்செஸ்டர் கல்யாண வரவேற்பில் மேசைக்கு மேசை வினாடி வினா வைக்கப்போகிறோம், எண்பதுகளின் ஆங்கிலப் பாட்டுகளைப் பற்றிக் கேள்வி வேண்டும் என்று கேட்டிருந்தாய். தயார் செய்துவிட்டேன். 'பாடியவர் யார்' ரகக் கேள்வி ஒன்றுகூட இல்லை. பஞ்சகனி பள்ளியில் படித்த ஃபரூக் பல்சாராதான் ஃப்ரெடி மெர்குரி என்பது இப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதனால் அதையும் எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக 'ரேடியோ கா கா' எப்படிப் பிறந்தது என்று கேட்டிருக்கிறேன். குவீன் குழுவின் டிரம்மர் ரோஜர் டெய்லருடைய சின்னப் பையன் வானொலியைத் திட்டி மழலையில் ஏதோ உளற, அதைப் பிடித்துக்கொண்டு அப்பா எழுதிய பாட்டு அது.

முதல் கேள்வி உனக்குத் தெரிந்ததுதான். ஆ-ஹாவின் 'டேக் ஆன் மீ'. அந்த நார்வே பையன்கள் 1984-ல் வெளியிட்டபோது யாரும் சீண்டவில்லை. மறுபடி பதிவு செய்தார்கள். பென்சில் ஓவியத்துக்குள் நிஜப் பெண் போய்விடும் அந்த வீடியோவுக்காக ஏறக்குறைய 3000 படங்களைக் கையால் வரைந்தார்கள். 1985 அக்டோபரில் அமெரிக்காவில் முதலிடம். உன் முதல் இன்டர்வியூ ஊற்றிக்கொண்ட அன்று பஸ் ஸ்டாண்டில் வைத்து உனக்குச் சொன்ன கதை.

எனக்குப் பிடித்த கேள்வி இது: ஃபில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' பாட்டுக்கும் போலீஸ் குழுவின் 'எவ்ரி ப்ரெத் யூ டேக்' பாட்டுக்கும் பின்னால் இருந்த ஒரே ஆள் யார்? ஒலிப்பதிவாளர் ஹியூ பேட்ஜம். லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் பீட்டர் கேப்ரியலின் ஆல்பத்துக்கு ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். உள்ளே இருப்பவர்கள் பேசுவது வெளியே கேட்பதற்காகக் கூரையில் ஒரு மைக் இருக்கும். மெதுவாகப் பேசினாலும் கேட்க வேண்டுமே என்று அதில் ஒலியை நன்றாக அழுத்தித் தரும் ஏற்பாடு உண்டு. அந்த மைக் திறந்திருந்த நேரத்தில் டிரம்ஸ் அடித்ததும் குண்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம், உடனே வெட்டியது போல் அமைதி. பேட்ஜம் அதை விடவில்லை. 1981-ல் 'இன் தி ஏர் டுநைட்' மூன்றரை நிமிடத்துக்கு மேல் அடங்கிக் கிடந்து திடீரென்று இடிக்கிறதே, அந்த இடி அங்கே பிறந்ததுதான். சின்ன வயதில் நீ சோபாவில் நின்றுகொண்டு அந்த இடத்துக்காகவே காத்திருப்பாய்.

அடுத்த பாட்டுக்கு வருகிறேன். முதல் நடனத்துக்கு 'எவ்ரி ப்ரெத் யூ டேக்' என்று எழுதியிருந்தாய். மாப்பிள்ளைத் தம்பி தேர்ந்தெடுத்தது என்றும் எழுதியிருந்தாய்.

கண்ணு, அந்தப் பாட்டு வேண்டாம்.

1983-ல் அமெரிக்காவில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டுதான். மெட்டில் ஒரு குறையும் இல்லை. ஆண்டி சம்மர்ஸின் அந்த கிட்டார் இழை எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காது. ஆனால் அதைக் குழுவின் பாடகர் ஸ்டிங் எழுதியது தன் முதல் கல்யாணம் உடைந்துகொண்டிருந்த நேரத்தில், ஜமைக்காவில் ஜேம்ஸ் பாண்ட் கதைகள் பிறந்த அதே வீட்டில் உட்கார்ந்து. மான்செராட் தீவில் பதிவு செய்தபோது குழுவின் மூன்று பேருக்கும் ஒருவரோடு ஒருவர் ஆகவில்லை. ஆளுக்கு ஒரு அறையில் இருந்து வாசித்தார்கள், டிரம்ஸ் சாப்பாட்டு அறையில். வார்த்தைகளைக் கவனித்துக் கேள். காதலிக்கிறேன் என்று ஒரு இடத்தில்கூட இல்லை. நீ எடுக்கும் ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்று இருக்கிறது. நீ எனக்குச் சொந்தம் என்று இருக்கிறது. எங்கள் கல்யாணத்தில் இதைத்தான் போட்டோம் என்று ஒரு ஜோடி ஸ்டிங்கிடமே போய்ச் சொன்னதாம். சரி, நல்லபடியா இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன் என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். இது கண்காணிப்பைப் பற்றிய பாட்டு என்று எழுதியவரே சொல்கிறார்.

பொங்கலுக்கு அத்தை வீட்டுப் பந்தியில் நீ உன் இலையைப் படம் எடுத்து அனுப்பினாய். அப்புறம் போனைத் திருப்பி, வரிசையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எல்லோரையும் எடுத்து அனுப்பினாய். முரளி பக்கத்தில் இருந்தானே, அவன் யார் என்று உடனே போன் வந்தது. சாம்பார் ஆறும்வரை கொல்லைப்புறத்தில் நின்று பேசிவிட்டு வந்தாய். மோர் மட்டும் போதும் என்றாய். அம்மாவும் பார்த்தாள். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நீ பேசும்போதெல்லாம் போன் ஸ்பீக்கரிலேயே இருக்கிறது. சமைத்துக்கொண்டே பேசுகிறாள் போல என்று அம்மாவிடம் சொன்னேன். வியாழக்கிழமை பாட்டுக் குழுவுக்கும் போவதில்லையாமே. சுதா கல்யாணத்துக்கு நீ வரவில்லை என்று சுதாவின் அம்மா கடைத்தெருவில் என்னிடம் வருத்தப்பட்டாள். என்ன சொல்வது என்று தெரியாமல் லீவு கிடைக்கவில்லை என்றேன். நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், கயல்.

நான் தம்பியைக் குறை சொல்லவில்லை. பாட்டை மாற்று என்றுதான் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் மாவட்டப் போட்டி. ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் தி யூஎஸ்ஏ' அமெரிக்காவைப் புகழும் பாட்டு என்று நடுவர் சொன்னார். நீ எழுந்து, இல்லை சார், வியட்நாம் போரிலிருந்து திரும்பி வந்து வேலை கிடைக்காமல் அலையும் ஒருவனின் பாட்டு என்று மேடையிலேயே சொன்னாய். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, மதிப்பெண் போனது. அமெரிக்க ஜனாதிபதி ரீகனே 1984 தேர்தல் பிரசாரத்தில் ஸ்பிரிங்ஸ்டீனின் பாட்டுகளில் நம்பிக்கைச் செய்தி இருக்கிறது என்று பேசினார், அந்த நடுவர் எம்மாத்திரம். அன்று பஸ்ஸில் வரும்போது நீ அழவில்லை. சொன்னது சரிதானேப்பா என்று மட்டும் கேட்டாய். எனக்கு அன்று இருந்த பெருமை உனக்கு வேலை கிடைத்த அன்றுகூட இல்லை. அதே பிள்ளையிடம் போன வாரம், முகூர்த்தப் புடவை என்ன நிறம் எடுக்கலாம் என்று அம்மா கேட்டால், கேட்டுச் சொல்கிறேன் என்கிறது.

நடனத்துக்கு என்னைக் கேட்டால், ஸ்டீவி வொண்டரின் 'ஐ ஜஸ்ட் கால்ட் டு சே ஐ லவ் யூ'. 1984-ல் பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடம், அடுத்த வருஷம் ஆஸ்கர். அந்த விருதை அவர் சிறையிலிருந்த மண்டேலாவின் பெயரில் வாங்கிக்கொண்டதால் தென்னாப்பிரிக்க வானொலி அவர் பாட்டுகளையே தடை செய்தது. இதையும் கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன். பண்டிகை இல்லை, பிறந்தநாள் இல்லை, சும்மா ஒரு நாளில் ஒருவன் போன் செய்கிறான். எங்கே இருக்கிறாய், யாருடன் இருக்கிறாய் என்று அவன் ஒரு வரியிலும் கேட்பதில்லை. பிடித்திருக்கிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டேன் என்கிறான்.

பாட்டை மாற்று. மாற்றினால் தம்பி என்ன சொல்கிறார் என்று பார். கோபப்படாமல் சிரித்துக்கொண்டே சரி என்றால் எனக்கு எழுது, நிம்மதியாக இருக்கும். வேறு மாதிரி இருந்தாலும் எழுது. அப்போது இன்னும் சீக்கிரம் எழுது.

பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் என் கவலை, உன்னுடையது இல்லை. அத்தை என்ன சொல்வார், பெரியப்பா என்ன சொல்வார் என்பதையும் என்னிடம் விட்டுவிடு. உன் அறையில் சாமான் எதுவும் போடவில்லை.

கேள்வித்தாளைத் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். விடைகள் பின்பக்கம். இந்தக் கடிதத்தை உன் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து ஒரு தடவை கூப்பிடு, ஸ்பீக்கர் இல்லாமல். எனக்கு அப்போது சாயங்காலம், வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா