பாறைக்குழியை மூட வேண்டாம்: ஊராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மடலைத் தமிழில் எழுதுகிறேன். நம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாத் தமிழர்களுக்கு அந்த உரிமையை 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டமே தந்திருக்கிறது. தவிர, கல்லைப் பற்றி எனக்கு வேறு மொழியில் பேச வராது.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் பழைய குவாரியைக் குப்பை கொட்டி நிரப்பப் போவதாகக் கிராம சபையில் சொன்னீர்கள். "சும்மா கிடக்கும் குழிதானே" என்றார் ஓர் உறுப்பினர். அங்கே பதினோரு வருடம் தமர், அதாவது பாறையில் வெடி வைக்கும் துளை, அடித்தவன் நான். அது சும்மா கிடக்கவில்லை.

வேலை நின்ற வருட மழையிலேயே அடியில் தண்ணீர் கட்டிவிட்டது. சுற்றிலும் பாறை என்பதால் சேறு கிடையாது. ஐப்பசி மழை ஓய்ந்து தெளிந்தபின் நீருக்குள் இருக்கும் படிகள்கூட மேலிருந்து தெரியும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து பனைகளை உலுக்கும்போதும் கீழே தண்ணீர் அசைவதில்லை. பாறை முகத்தில் எங்கள் தமர்த் தடங்கள் பிளந்த மூங்கில் போல வரிசையாக நிற்கின்றன. அதில் ஒன்றில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. அதன் வேர் துளையின் நேர்க்கோட்டைப் பிடித்தபடியே இறங்கித் தண்ணீரைத் தொட்டுவிட்டது. அது நான் அடித்த துளையாகக்கூட இருக்கலாம்.

கிழக்கு முகத்தின் நடுப்படியில் ஒரு ஜோடி கொம்பன் ஆந்தை இருக்கிறது. கூடெல்லாம் கட்டாது, வெறும் மண்ணிலேயே முட்டையிடும். படிக்குக் கீழே அது கக்கிய உருண்டை ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். எலி மயிருக்குள் இரண்டு மண்டையோடுகள், மஞ்சள் பற்களோடு. நிலக்கடலைக் காட்டுக்குப் பொறி வைப்பவர்கள் இந்த வேலையாளையும் கணக்கில் சேர்க்கலாம்.

அழகு சோறு போடுமா என்று கேட்பீர்கள். சரி, தண்ணீர்க் கணக்குக்கு வருகிறேன். நம் சித்தூர் பிளாக்கை, நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட வட்டாரம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியமே குறித்திருந்தது. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு மணக்கடவு தடுப்பணை வழியாக நமக்குத் தரவேண்டிய 7.25 டி.எம்.சி. வந்துசேருமா என்று வருடா வருடம் கவலைப்படும் நாம், மழை தானாக நிரப்பித் தரும் குழியில் குப்பையைக் கொட்டலாமா? நாங்கள் வைத்த வெடி கல்லை மட்டுமா பெயர்த்தது? பாறையின் விரிசல்களையும் அகலப்படுத்தியது. அந்த விரிசல் வழியாகத்தான் குழித் தண்ணீர் பக்கத்துத் தோட்டக் கிணறுகளுக்குக் கசிகிறது. நாளை குப்பைச் சாறும் அதே வழியில்தான் போகும்.

ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். கரை சரிவாக இறங்காது; கால் வைத்த இடத்திலேயே ஆளை விழுங்கும் ஆழம். எனவே விளிம்பைச் சுற்றிக் கம்பி வேலி போடுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் எச்சரிக்கைப் பலகை வையுங்கள். மோட்டார் வைத்து இறைப்பதாக இருந்தால், முதலில் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள்.

தீர்மானம் போடுவதற்கு முன் ஒரு நாள் மாலை, பொழுது சாயும் நேரத்தில் எல்லோரும் வந்து பாருங்கள். தெற்குப் பக்கப் பழைய லாரிப் பாதை வழியாக வாருங்கள். வடக்கு விளிம்பில் கல் பெயர்ந்து கிடக்கிறது. டார்ச் நான் கொண்டு வருகிறேன். ஆந்தை இருக்கும் படியில் மட்டும் அடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய கல்குவாரித் தொழிலாளி ஒருவன்