'சேமி'யை அமத்தினாப் பிறகு

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மச்சான்,

இஞ்ச எல்லாரும் சுகம். மழை விட்டபாடில்லை, கரண்டும் போறதும் வாறதும்தான். அதால பதில் பிந்திப்போச்சு. அம்மா உன்னை விசாரிச்சவ.

நீ கேட்ட விஷயத்துக்கு வாறன். உங்கட ஒபிஸ் வெப் ஃபோர்ம்ஸ் (மைக்ரோசொஃப்டின்ர வெப் பேஜ் கட்டுற முறை) படிவத்தில மாவட்டமாக் கிளிநொச்சியைத் தெரிவுசெய்து 'சேமி' பட்டனை அமத்தினா டேட்டாபேஸில யாழ்ப்பாணம் எண்டு விழுதெண்டாய். பட்டனில பிழை இல்லையடா. மாவட்டப் பட்டியலை நீ பேஜ் லோடுக்குள்ள, பேஜ் ஏறுற கட்டத்தில ஓடுற கோடுக்குள்ள, நிரப்புறாய், அதுதான் வினை.

வெப் ஃபோர்ம்ஸில பட்டனை அமத்துற ஒவ்வொரு தரமும் சேர்வரில அந்தப் பேஜ் புதுசாத்தான் உருவாகும். பதிலை அனுப்பின கையோட இல்லாமப் போயிடும். அது கட்டம் கட்டமா நடக்கும்: முதல்ல இனிட், பேஜில இருக்கிற பெட்டி, பட்டன் எல்லாம் தயாராகிற கட்டம். பிறகு வியூஸ்டேட், அதாவது போன தரம் பேஜோட சேமிச்சு அனுப்பின நிலவரம், ஏறும், அதுக்கு மேல ஆள் தெரிவுசெய்த கிளிநொச்சி வந்து இருக்கும். அதுக்குப் பிறகுதான் லோட். அந்த நேரம் பார்த்து நீ பட்டியலைத் திரும்பக் கட்ட, தெரிவு அழிஞ்சு முதல் வரி வந்திடுது. கிளிக் ஓடுறது லோடுக்குப் பிறகு. அது வாசிக்கேக்க மிஞ்சியிருக்கிறது யாழ்ப்பாணம்தான். இஸ்போஸ்ட்பேக் பொய்யா இருக்கேக்க, அதாவது பட்டன் அமத்தி வராம பேஜ் முதல் தரம் திறக்கேக்க, மட்டும் நிரப்பு, சரிவரும்.

அதே படிவத்தில பிள்ளையளின்ர பேர் போடக் கோடில உருவாக்கிற பெட்டியள்தான் பெரிய சில்லெடுப்பு. கிளிக்குக்குள்ள உருவாக்கினது அடுத்த போஸ்ட்பேக்கில, பேஜ் திரும்பச் சேர்வருக்குப் போகேக்க, இராது. ஒவ்வொரு தரமும் அதே ஐடியோட இனிட்டிலயே உருவாக்கு. ஆனா எத்தனை பெட்டி எண்ட கணக்கை வியூஸ்டேட்டில வச்சிருந்தியெண்டா இனிட்டில அது கைக்கு வராது, அப்ப லோடிலதான் உருவாக்க வேணும். லோடில உருவாக்கினா, ஆள் இப்ப தட்டின பேர் லோடுக்குள்ள தெரியாது, கிளிக்குக்குள்ள தெரியும். லோட் முடிய, விடுபட்ட பெட்டியளுக்கு இன்னொருக்கா ஃபோர்ம் தரவைப் போட்டுப் பாக்கிறதாலதான் அப்பிடி. இது விளங்காமக் கோடை மாத்தி மாத்தி எழுதிற ஆக்கள் கனபேர்.

மொத்தம் காட்டுற லேபிளை பிரீரெண்டரில, பேஜை வரையிறதுக்கு முந்தின கட்டத்தில, போடு. கிளிக் எல்லாம் முடிஞ்ச பிறகு வாற இடம் அது; வியூஸ்டேட்டும் அதுக்குப் பிறகுதான் சேமிக்கப்படும்.

வெப் ஃபோர்ம்ஸ் 2002ல வந்த சாமான், மைக்ரோசொஃப்டின்ர புது டொட் நெட் கோருக்கு வரவேயில்லை. புது வேலைக்கு இதை எடுக்காதை. உங்கட ஒபிஸ் சிஸ்டம் ஓடுதெண்டா ஓடட்டும், முழுக்கத் திருப்பி எழுதச் சொன்னா உடன தலையாட்டாதை.

பொங்கலுக்கு வாறதெண்டா முன்னமே எழுது. லப்டொப்பையும் கொண்டு வா, மிச்சப் பெட்டியளை இருந்து பாப்பம்.

அன்புடன்,
உன்ர பழைய வகுப்புத் தோழன்