999-ஐ ஏன் விட்டீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஞாயித்துக்கிழமை இணைப்புல இத்தாலி பைக்குங்க பத்தி வந்த கட்டுரை சூப்பர், ஆனா டுகாட்டி 916-ஐ தலையில தூக்கி வச்சு ஆடிட்டு 999 பத்தி ஒரு வரி கூட இல்லையே. டிசைனர் தம்புரினி வரைஞ்ச 916 அழகுதான், யாரு இல்லன்னா? அதுக்கு வாரிசு மாதிரி 2003 மாடலா 999 வந்தப்போ ஊரே திட்டுச்சு, டிசைன் பண்ண தென்னாப்பிரிக்கக்காரர் பியர் டெர்பிளான்ஷை இன்னும்கூட சில பேரு மன்னிக்கல.

எனக்கென்னவோ அந்த மூஞ்சிதான் பிடிக்கும். பக்கத்துல பக்கத்துல இருக்க வேண்டிய ஹெட்லைட்டை ஒன்னு மேல ஒன்னா அடுக்கி, மூக்கை ஒடுக்கி, சீட்டுக்கு அடியில ஒரே பெட்டியா சைலன்சரை வச்சு, வேற யாருக்கு இந்த தைரியம் வரும் சொல்லுங்க. ஒத்த சீட் மாடல்ல சீட்டையும் டேங்க்கையும் முன்ன பின்ன நகர்த்திக்கலாம், கால் வைக்கிற ஃபுட்பெக்கை அஞ்சு விதமா மாத்திக்கலாம், அதாவது ஓட்டுறவன் உடம்பை யோசிச்சு பண்ண வண்டி, இதை யாரும் பேசவே மாட்டாங்க. பின் சக்கரத்தை ஒரே பக்கமா பிடிச்சிருக்கிற, 916-ல இருந்த ஒத்தப்பக்க ஸ்விங்ஆர்மை எடுத்ததுல மட்டும் எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

அசிங்கம்னு சொன்ன அதே வண்டியிலதான் 2003-ல ஹாட்ஜ்சன், 2004-ல டோஸ்லேண்ட், 2006-ல பெய்லிஸ்னு சூப்பர்பைக் உலக சாம்பியன் ஆனாங்க. ஆனாலும் 2007-ல அடுத்த மாடலா 1098 வந்தப்போ கம்பெனியே பழைய மாதிரி பக்கத்துல பக்கத்துல வச்ச ஹெட்லைட்டுக்கு போயிடுச்சு. அடுத்த வாரம் 999-க்கு ஒரு அரைப்பக்கமாச்சும் ஒதுக்குங்க சார், போட்டோவை முன்னாடி இருந்து எடுத்ததா போடுங்க.

- ஒரு வாசகர்