பாரதிக்கு எங்கள் ஊர் போட்ட சாப்பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாழ்ந்தவரோ வாழ்கிறவரோ, பேர் பெற்ற ஆறு பேரை உங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடலாம் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டு, வாசகர்கள் அனுப்பிய பட்டியல்களைப் போன இதழில் இரண்டு பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். ஒன்று விடாமல் படித்தேன். நான் முப்பத்தெட்டு வருஷம் கடலூர், பாண்டி, பண்ருட்டி பக்கம் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்தவன், இப்போது முழங்கால் தேய்ந்து வீட்டோடு இருக்கிறேன், ஆனாலும் பட்டியல் என்று எதைப் பார்த்தாலும் எத்தனை இலை, யாருக்கு எது ஆகாது என்றுதான் புத்தி போகிறது. அப்படிப் பார்த்தால் உங்கள் வாசகர்கள் கூப்பிட்டிருக்கும் ஆட்களில் பாதிப் பேருக்கு அடுப்பே மூட்ட வேண்டாம்.

காந்தி அனேகமாக எல்லாப் பட்டியலிலும் இருக்கிறார். அவர் 1915-இல் ஹரித்வார் கும்பமேளாவுக்குப் போனபோது ஒரு விரதம் எடுத்தார், ஒரு நாளைக்கு ஐந்து பொருளுக்கு மேல் சாப்பிடுவதில்லை, பொழுது இருட்டிய பிறகு சாப்பிடுவதே இல்லை என்று. ஐந்து பொருள் என்றால் எங்கள் சாம்பார் ஒன்றே அதைத் தாண்டிவிடும். ராத்திரி எட்டு மணிக்கு அவரை உட்கார வைத்து என்ன பரிமாறுவது? இன்னும் நாலைந்து பேர் புத்தரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உச்சிப்பொழுதுக்கு மேல் சாப்பிடக் கூடாது என்று பிக்குகளுக்கு விதி வைத்தவர் அவர். நாம் சாப்பிடுகிறதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

ஒருவர் சரித்திர சுவாரஸ்யத்துக்காக என்று ராபர்ட் கிளைவைச் சேர்த்திருந்தார். எங்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் இருந்த மனுஷன்தான், 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் தப்பித்து இங்கேதான் வந்து சேர்ந்தார். அந்தக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1690-இல் மராட்டியரிடம் வாங்கியபோது போட்ட பேச்சு என்ன தெரியுமா, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டுக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரைக்கும் உள்ள ஊரெல்லாம் கோட்டையோடு சேர்த்தி. குண்டு கிராமம் என்று அதற்குப் பேரே உண்டு. கூப்பிடாமலே வந்த கூட்டம் அது. இவர்களை நாமாகவே கூப்பிட்டு இலை போட்டால் பந்தியே தனக்குத்தான் என்பார்கள்.

வள்ளலாரை நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அவரை விருந்தாளியாக உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. 1867-இல் வடலூர் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது, இன்று போனாலும் வந்தவருக்கெல்லாம் சோறு. தைப்பூசத்துக்கு நான் வருஷா வருஷம் போய்க் காய் நறுக்கிக் கொடுப்பேன், மலை மாதிரி பூசணிக்காய் குவிந்து கிடக்கும். முழங்கால் ஒத்துழைக்காமல் இந்த இரண்டு வருஷமாகத்தான் போக முடியவில்லை. அவர் எனக்கு விருந்தாளி இல்லை, முதலாளி. கூப்பிட்டாலும் நேராக அடுப்படிக்குத்தான் வருவார், வந்து தேக்சாவைத் திறந்து பார்த்து, வாசலில் நிற்கிறவனுக்குப் போட்டாச்சா என்று கேட்பார்.

நான் இப்படி ஒவ்வொருவரையும் தள்ளுவதற்குக் காரணம் இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெரிய கல்யாணம், பதினைந்து வருஷம் இருக்கும். ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்று முதல் பந்தியை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டார்கள். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, அப்பளம் வரைக்கும் வைத்தாயிற்று, ஒன்றேகால் மணி நேரம் யாரும் கை வைக்கவில்லை. அப்புறம் அவர் வந்தார், உட்கார்ந்தார், இனிப்பில் ஒரு விள்ளல் எடுத்தார், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார். விடியற்காலையிலிருந்து வாசித்த நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் நாலு மணிக்குக் கடைசிப் பந்தியில் வந்து உட்கார்ந்தபோது என்னிடம் ரசமும் மோரும்தான் மிச்சம். அந்த நாதஸ்வரக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு நல்லா இருக்கு என்றார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது. பேர் பெரிசு என்று கூப்பிடுவது பெரிய தப்பு. யாருக்கு ஒரு சாப்பாடு பாக்கி இருக்கிறதோ அவரைத்தான் கூப்பிட வேண்டும், என் பட்டியல் அப்படித்தான்.

முதல் பாக்கி பாரதி. பாண்டிச்சேரியில் பத்து வருஷம் இருந்த மனிதர், 1918 நவம்பர் 20-ஆம் தேதி எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் கடலூரில் பிடித்துச் சிறையில் போட்டார்கள். மூன்று வாரத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு டிசம்பர் 14-ஆம் தேதிதான் வெளியே வந்தார். பாண்டிக்காரர்கள் பாரதி எங்கள் ஊரில்தான் குயில் பாட்டு எழுதினார் என்று சொல்லிக்கொள்ளலாம், சிலை வைக்கலாம், வீட்டை நினைவகமாக்கிக் காட்டலாம். நாங்கள் என்ன சொல்லிக்கொள்வது? கடலூர் அவருக்குப் போட்டது ஜெயில் சோறு. அடுத்த மூன்று வருஷத்துக்குள் ஆள் போய்விட்டார், நாற்பது வயதுகூட முடியவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் இலைக்கு இந்த ஊரில் சோறு போட்டிருக்கிறேன், அந்த ஓர் இலை மட்டும் விடுபட்ட மாதிரியே இருக்கிறது.

பாரதியைக் கூப்பிடுகிறவர்கள் பட்டியலில் பாருங்கள், ஒருவர்கூட அவர் மனைவி செல்லம்மாளைக் கூப்பிடவில்லை. சமைக்க வைத்திருந்த அரிசியை எடுத்து அவர் குருவிகளுக்கு இறைத்துவிட்ட கதையை எல்லோரும் பாரதியின் பெரிய மனசு என்று சொல்லிச் சிலிர்க்கிறார்கள். அடுப்பில் உலை கொதிக்கும்போது அரிசிப் பானை காலியாக இருந்தால் வயிறு எப்படி இருக்கும் என்று சமைக்கிறவனுக்குத்தான் தெரியும். அந்த அம்மாவுக்குத்தான் என் வீட்டில் முதல் இலை. அன்றைக்கு அவர் எழுந்து போய் எதையும் எடுத்துவரக் கூடாது, உட்கார்ந்த இடத்துக்கு எல்லாம் வரும்.

மூன்றாவது எங்கள் முதுநகர் அஞ்சலையம்மாள். 1890-இல் பிறந்தவர், 1927-இல் சென்னையில் 1857 கிளர்ச்சியை அடக்கிய வெள்ளைக்காரத் தளபதி நீலின் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்துக்குச் சின்னப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்ச் சிறைக்குப் போனவர். காந்தி கடலூர் வந்தபோது இவரைப் பார்க்கக் கூடாது என்று தடை போட்டார்கள், இவர் பர்தா போட்டுக்கொண்டு குதிரை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்வார்கள். ஒரு தடவை வயிற்றில் பிள்ளையோடு உள்ளே இருந்தார், பிரசவத்துக்கு வெளியே விட்டார்கள், பெற்றெடுத்த கைக்குழந்தையோடு திரும்பவும் வேலூர் சிறைக்குப் போனார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க எங்கள் பக்கம் பால்சுறா வாங்கிப் புட்டு செய்து போடுவார்கள், துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஊர், காலையில் வந்த சுறா பத்து மணிக்கு அடுப்பில் இருக்கும். வேலூரில் யார் போட்டிருப்பார்கள்? அந்தப் புட்டு பாக்கி. அவருக்குக் கவிச்சி உண்டா இல்லையா என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பேன், உண்டு என்றால் தனி அடுப்பு, தனிக் கரண்டி, இலையும் கோடியில்.

இன்னொரு கோடியில் கணித மேதை ராமானுஜன். கேம்பிரிட்ஜில் தானே சமைத்துச் சாப்பிட்ட ஆள், ஒரு தடவை நண்பர்களைக் கூப்பிட்டு ரசம் பரிமாறினார். இரண்டு தடவை வாங்கிக்கொண்டவர்கள் மூன்றாவது தடவை போதும் என்றதும் முகம் வாடி, சத்தமில்லாமல் வெளியே போனவர் ஆக்ஸ்போர்டுக்கே போய்விட்டார். உலகத்துக்கு இது வேடிக்கையாக இருக்கலாம், எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. அவருக்கு யாராவது மூன்று தடவை ரசம் வாங்கிக் குடித்துக் காட்ட வேண்டும். நானே குடிப்பேன்.

பாண்டி முத்தியால்பேட்டையில் என் மச்சான் இருக்கிறான். போனில் இதையெல்லாம் சொன்னேன். “ஆனந்தரங்கப் பிள்ளை இல்லாம என்ன விருந்து மாமா, அவர் வந்தா மறுநாளே எல்லாம் நாட்குறிப்புல ஏறிடும்ல” என்றான். பாக்கிக் கணக்கில் அவர் வரமாட்டார், பாண்டியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவருக்கு யார் சாப்பாடு கடன்? ஆனால் மச்சான் சொன்னதும் யோசித்தேன். 1736-இல் எழுத ஆரம்பித்து இருபத்தைந்து வருஷம், கப்பல் வந்தது, விலை ஏறியது, யார் யாரை அவமானப்படுத்தினார்கள் என்று எல்லாவற்றையும் எழுதின மனிதர் 1761 ஜனவரி 12-ஆம் தேதி செத்துப்போனார். நாலே நாளில், 16-ஆம் தேதி, பாண்டிச்சேரி இங்கிலீஷ்காரன் கைக்குப் போய்விட்டது. ஊரையே இடித்துப் போட்டார்கள். அந்தக் கடைசிப் பக்கம் அவர் எழுதாதது. வெற்றிலை மடித்துக்கொண்டே “அப்புறம் ஊர் என்ன ஆச்சு” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? பதிலை இன்னும் முடிவு செய்யவில்லை, ஐந்தாவது இலை மட்டும் அவருக்குத்தான். ஆனால் ஒன்று, அவரும் ஒரே வரிசையில்தான் உட்கார வேண்டும். கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பூணூல் போட்ட பாரதி பக்கத்து இலையில் இருக்கும்போது எனக்குத் தனி இடம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆறாவது இலைக்கு ரொம்ப இழுபறி. ஜெயகாந்தன் எங்கள் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர், விட மனசில்லை, ஆனால் அவர் இருக்கிற சபையில் அவர் பேச்சுதான், மற்ற ஐந்து இலையும் ஆறிப்போகும். அவருக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். புதுமைப்பித்தனும் 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர்தான், கடவுளையே ஒருவர் காபி குடிக்கக் கூட்டிப்போய், அப்படியே வீட்டுக்கும் கூட்டி வந்ததாகக் கதை எழுதினவர், அதாவது உங்கள் கேள்விக்கு எண்பது வருஷத்துக்கு முன்னாலேயே பதில் சொன்னவர். அவரே இருக்கட்டும். சாப்பாட்டை ஏதாவது குத்திப் பேசுவார், பேசட்டும், உப்புக் குறைந்தால் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

உயிரோடு இருக்கிறவர் ஒருவரும் இல்லையே என்று கேட்பீர்கள். அவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

விருந்தைப் பங்குனி கடைசியில் வைத்துக்கொள்கிறேன், அப்போதுதான் பச்சை முந்திரிக்கொட்டை வரும். முந்திரிக்கொட்டைக் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், பூசணிக் கூட்டு, ரசம் இரண்டு பங்கு, கெட்டி மோர், வேறொன்றும் வேண்டாம். அரிசி களையும்போதே ஒரு படி தனியாக எடுத்துத் திண்ணையில் வைத்துவிடுவேன், பாரதி கேட்பதற்கு முன்னால். செல்லம்மாளுக்கும் அதைக் காட்டிவிடுவேன், உலைக்கு எடுத்தது வேறே, இது வேறே என்று.

இப்படிக்கு,
அடுப்படியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சமையல்காரன்,
கடலூர் முதுநகர்.