கட்டில் இல்லாத சிகிச்சையைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குடிநோய் சிகிச்சை என்றாலே பத்திரிகைகளில் பூட்டிய கதவும் வரிசையாகக் கட்டில்களும்தான் வருகின்றன. நான் சமூகப்பணி படிக்கும் மாணவி. களப்பயிற்சிக்காகப் போய்வரும் புறநோயாளி ஆலோசனை மையத்தில் கட்டிலே கிடையாது. வேலை முடிந்து வருகிறார்கள், உட்கார்ந்து பேசுகிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள். இப்படி ஒன்று இருப்பது தெரியாமல், "மாசக்கணக்குல லீவு போட முடியாதுங்க" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களை அங்கே பார்க்கிறேன்.

புதிதாக ஒருவர் வந்தால், மாணவி உடனிருக்கலாமா என்று ஆலோசகர் முதலில் அவரிடம் கேட்பார். வேண்டாம் என்றால் நான் வெளியே போய்விட வேண்டும். அப்புறம் உலக சுகாதார நிறுவனம் வகுத்த 10 கேள்விகள். மொத்த மதிப்பெண் 40. 8-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய குடி என்று கணக்கு. ஆனால் ஆலோசகர் அதிகம் துருவுவது வேறு இடத்தில்: காலையில் கை நடுங்குகிறதா? குடிக்காமல் இருந்தபோது எப்போதாவது வலிப்பு வந்ததா?

காரணம் உண்டு. தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களிலேயே வலிப்பு, மனக்குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவரை முதலில் மருத்துவமனைக்குத்தான் அனுப்புகிறார்கள். ஆகவே புறநோயாளி சிகிச்சை எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. சத்தியம் வாங்கிக்கொண்டு ஆளை அறைக்குள் அடைத்துவைக்கும் குடும்பங்களுக்கு இந்த ஆபத்தை யாராவது சொல்லியாக வேண்டும்.

நான் போனதும் எதிர்பார்த்தது அறிவுரை. "பிள்ளைகளை நினைச்சுப் பாருங்க" என்ற வகையறா. அது இல்லவே இல்லை. ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு, "நேத்து குடிச்சிட்டேன்" என்றார். ஆலோசகர், "சரி, அதைச் சொல்ல வந்துட்டீங்களே" என்றவர், அடுத்தடுத்துக் கேட்டது இவ்வளவுதான்: எத்தனை மணிக்குத் தோன்றியது? சாப்பிட்டிருந்தீர்களா? கூட யார் இருந்தார்கள்? பையில் பணம் இருந்ததா? பதில்களிலிருந்து அவரே ஒரு முடிவுக்கு வந்தார்: சம்பள நாளில் தம்பியை அழைத்துக்கொண்டு வீடு திரும்புவது. 1980களில் வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் முன்வைத்து, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்த முறையின் அடிப்படை இதுதான். மாறுவதற்கான காரணத்தை நோயாளியின் வாயாலேயே வரவழைப்பது. வகுப்பில் படித்தபோது இதெல்லாம் நடக்கிற காரியமா என்றுதான் நினைத்தேன்.

மனைவியோ அம்மாவோ கூட வந்தால் அவர்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்குகிறார்கள். அவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க தூங்குறீங்களா?"

மறுபடி குடித்துவிட்டால் சிகிச்சை தோற்றது என்று எழுதுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். நீண்டகால நோய் எதிலும் இப்படித் திரும்புவது உண்டு. சர்க்கரை ஏறிவிட்டது என்பதற்காக எந்த மருத்துவரும் நோயாளியைத் திட்டி அனுப்புவதில்லை. குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன, மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் வீட்டிலிருந்தே சாப்பிடலாம் என்பதும் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்த முறை இதுபற்றிக் கட்டுரை வரும்போது, கவிழ்ந்த பாட்டில் படத்துக்கான இடத்தில், புறநோயாளி ஆலோசனைக்கு எங்கே போகலாம், யார் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்.

இப்படிக்கு,
சமூகப்பணி மாணவி ஒருவர்