கற்பனை ஊருக்கும் சோற்றுக் கணக்கு வேண்டும்

அன்புள்ள மாரியப்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பில் ‘பண்டைய நாகரிகங்கள்’ பாடத்தைக் கேள்வி பதிலோடு முடித்துவிடாமல், பிள்ளைகளையே ஒரு நாகரிகத்தைப் படைக்கச் சொல்லப் போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறாய். ராஜாவிடமிருந்து ஆரம்பிக்காதே. தண்ணீரிலிருந்து ஆரம்பி.

பிள்ளைகளிடம் விட்டால் முதல் நாளே அரசன் பெயர், கொடி, அரண்மனை, ஒரு பெரும்போர் எல்லாம் தயாராகிவிடும். அந்த ஊர் எதைத் தின்று உயிர் வாழ்ந்தது என்று கேட்டால் பதில் வராது. அதனால் முதல் இரண்டு வகுப்பும் வரைபடம் மட்டும்தான். ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது, மழை எந்த மாதம், களிமண் எங்கே, மேடு எங்கே, அந்த மண்ணில் எது கிடைக்கவே கிடைக்காது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதே, வணிகம் அதிலிருந்துதான் பிறக்கும். இன்றைய ஈராக்கின் தெற்கே, தெற்கு மெசபடோமியாவில், வாழ்ந்த சுமேரியர்களிடம் வண்டலும் நாணலும் ஏராளம். நல்ல மரமும் கல்லும் உலோகமும் இல்லை. எனவே செம்பைக் கடல்வழியாக வரவழைத்தார்கள், களிமண்ணால் கட்டினார்கள், களிமண்ணிலேயே எழுதினார்கள்.

அடுத்தது சோற்றுக் கணக்கு. தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதே. ஆளுக்கு ஆண்டுக்கு 200 கிலோ தானியம் என்று வைத்தால் 5,000 பேர் ஊருக்கு 1,000 டன். விதைக்கும் எலிக்கும் பூச்சிக்கும் விளைச்சலில் கால் பங்கு போய்விடும் என்றால் 1,333 டன் விளைய வேண்டும். உரமும் பம்புசெட்டும் இல்லாத காலம், ஹெக்டேருக்கு 600 கிலோ விளைச்சல் என்று வைத்தால் போதும். கிட்டத்தட்ட 2,200 ஹெக்டேர். ஆண்டுதோறும் பாதி நிலத்தைத் தரிசாகப் போடுவார்கள் என்றால் அது 4,400 ஆகும். ஊரை நடுவில் வைத்து வட்டம் போடச் சொல். ஆரம் நாலு கிலோமீட்டருக்குள் அடங்கும். காலையில் நடந்துபோய் உழுதுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம்.

இதே கணக்கை ஒரு லட்சம் பேருக்குப் போட்டால் ஆரம் 17 கிலோமீட்டரை நெருங்கும். தினமும் போய்வர முடியாது. அப்போது சுற்றிலும் சிற்றூர்கள் வேண்டும், தானியம் கொண்டுவரப் படகோ வண்டியோ வேண்டும், அளந்து வாங்க ஆள் வேண்டும், கொட்டிவைக்கக் களஞ்சியம் வேண்டும், யார் எவ்வளவு தந்தார் என்று குறித்துவைக்கவும் வேண்டும். அதிகாரியும் எழுத்தும் இந்த இடத்தில் தாமாகவே வந்து நிற்கும். சுமேரியர்களின் உருக் நகரில் கிடைத்த மிகப் பழைய களிமண் பலகைகளில் பெரும்பாலானவை கணக்குகள்தான். கணக்கு ஆசிரியரையும் இந்த வகுப்புக்கு அழைத்துக்கொள்.

எண் முறையைக் குழுவே முடிவு செய்யட்டும். கட்டைவிரலால் மற்ற நாலு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினால் பன்னிரண்டு வரும். மாயர்கள் இருபதிலும் பாபிலோனியர்கள் அறுபதிலும் எண்ணினார்கள். எடைக்கல்லுக்குச் சிந்துவெளி முறை நல்லது. சின்னக் கற்கள் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும், அதில் 16 என்ற கல் ஏறக்குறைய 13.7 கிராம். பிள்ளைகள் களிமண்ணில் செய்து ஈரத்தோடு நிறுத்துவிடுவார்கள், காய்ந்ததும் எடை குறைந்துவிடும். கொஞ்சம் பெரிதாகவே பிடித்து, நன்றாகக் காயவைத்து, உப்புத்தாளில் தேய்த்துச் சரியான எடைக்குக் கொண்டுவரச் சொல்.

எழுத்துக்கு மட்டும் கடிவாளம் போடு. இல்லாவிட்டால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து, அதிலேயே ஒரு வாரம் போய்விடும். அது ரகசியக் குறியீடு, எழுத்து வளர்ந்த வழி அல்ல. எண்ணுக்குக் கோடுகள், பத்துப் பதினைந்து பொருள் குறிகள், சில ஆள் பெயர்கள், இவ்வளவு போதும். கீழடிப் பானை ஓடுகளில் கீறியிருப்பதும் ‘ஆதன்’ போன்ற பெயர்கள்தானே. எழுத்தே வேண்டாம் என்று ஒரு குழு சொன்னால் அதையும் ஏற்றுக்கொள். தென் அமெரிக்காவின் இன்காக்கள் கயிற்று முடிச்சுகளை வைத்துக்கொண்டு ஒரு பேரரசையே நிர்வகித்தார்கள்.

நாகரிகத்தின் வீழ்ச்சிக்கு நிலநடுக்கம், எரிமலை, படையெடுப்பு மூன்றையும் தடை செய்துவிடு. ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிட்டால் யோசிக்க எதுவும் மிஞ்சாது. ஆறு தடம் மாறட்டும், வாய்க்கால் தூர்ந்துபோகட்டும், வயலில் உப்புப் பூக்கட்டும். தெற்கு மெசபடோமியாவில் கோதுமை குறைந்து பார்லி பெருகியதற்கு நிலம் உவர்ப்பானதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது, ஏனென்றால் பார்லி உப்பைத் தாங்கும்.

இனி நீ எழுதாத ஒன்று. கட்டுரையும் சார்ட்டும் மாதிரி வடிவமும் மட்டும் வாங்கினால் வேலை பாதிதான் முடிந்திருக்கும். ஒரு குழு படைத்ததை மண்ணில் புதைத்து இன்னொரு குழு தோண்ட வேண்டும். புதைக்கும் குழு தங்கள் நாகரிகத்தைப் பற்றிய பத்து உண்மைகளை எழுதி, உறையில் போட்டு ஒட்டி உன்னிடம் கொடுத்துவிடட்டும்.

குழி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், ஆழம் 60 சென்டிமீட்டர். நாலு அடுக்கு, ஒவ்வொன்றும் 15. நிறம் நன்றாக வேறுபட வேண்டும். கீழே ஆற்று மணல், அதன்மேல் செம்மண், பிறகு சாம்பல் கலந்த மண், மேலே கரிசல். எல்லா அடுக்குக்கும் தோண்டிய மண்ணையே போட்டால் எது முந்தியது எது பிந்தியது என்று யாராலும் சொல்ல முடியாது. மூட்டையை அப்படியே கவிழ்த்தாலும் அடுக்குகள் கலந்துவிடும். கூடையால் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசால் மெல்ல இடித்துவிட்டு அடுத்த அடுக்குக்குப் போகவேண்டும்.

குயவரிடம் சூளையில் விரிசல் விட்ட பானைகள் மலிவாகக் கிடைக்கும். சாக்கில் சுற்றி உடைத்தால் சில்லு தெறிக்காது. பெயர்களை ஆணியால் கீறலாம். உடைத்த பானையில் நாலைந்து துண்டுகளை எடுத்து ஒதுக்கிவிடு, முழுப் பானை கிடைக்கக் கூடாது. சுடாத களிமண் பொம்மை ஈரத்தில் கரைந்துவிடும், காகிதத்தையும் மரத்தையும் கரையான் தின்றுவிடும். கண்ணாடியும் தகரமும் வேண்டவே வேண்டாம், கை கிழியும்.

தானியத்தைப் பச்சையாகப் போட்டால் முளைக்கும் அல்லது மட்கும். கரிந்த தானியம்தான் மண்ணில் நிற்கும். பழைய இரும்புச் சட்டியில் நெல்லைப் போட்டு, மூடிவைத்து, சிறு தீயில் கறுக்க விடு. திறந்து வறுத்தால் சாம்பலாகிவிடும். உருவம் கெடாமல் கரி ஆகவேண்டும். கீழ் அடுக்குகளில் கரிந்த நெல்லும் வெளியூர் மணிகளும், மேலடுக்கில் நெல்லே இல்லாமல் வரகு மட்டும் என்று வைத்துப் பார். தண்ணீர் குறைந்ததையும் வணிகம் நின்றதையும் ஒரு எழுத்துகூட இல்லாமல் அந்தக் குழி சொல்லிவிடும். சல்லடையில் அந்தக் கரிமணிகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து, இது நெல்லா வரகா என்று பிள்ளைகள் வாதாடும்போது நீ வாயைத் திறக்காதே.

தோண்டுவதற்குக் கொத்துக்கரண்டி, தூரிகை, சல்லடை, அளவுகோல், நாலு முளை, நூல். நூலை மட்டமாகக் கட்டி, ஒவ்வொரு பொருளும் அதிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே கிடந்தது என்று எழுதிய பிறகே கையில் எடுக்க வேண்டும். பிள்ளைகள் பொருளைக் கண்ட வேகத்தில் பிடுங்கிவிடுவார்கள். எத்தனை பொருள் எடுத்தார்கள் என்பதற்கு மதிப்பெண்ணே போடாதே. முழுவதையும் பதிவேட்டுக்குப் போடு, அவசரம் தானாக அடங்கிவிடும்.

கடைசியில் உறையைப் பிரித்து, தோண்டிய குழு எழுதிய அறிக்கையோடு ஒப்பிடுங்கள். உணவு, தொழில், வணிகம் ஓரளவு பொருந்தும். கடவுள், திருமணம், ஆட்சி முறை பெரும்பாலும் தவறிப்போகும். எந்தப் பொருளைப் பார்த்து இப்படி முடிவு செய்தீர்கள் என்று ஒவ்வொரு தவறுக்கும் கேள். தரையில் வரைந்த ஆடுகளம் ஒன்று ‘யாகசாலை’ ஆகியிருக்கும். இந்த வகுப்புக்கு இரண்டு பீரியடாவது ஒதுக்கு.

காலாண்டு விடுமுறைக்கு முன் புதைத்து, பள்ளி திறந்ததும் தோண்டிவிடு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் குழி குட்டையாகிவிடும். வளாகத்தில் மண் தரையே இல்லையென்றால், மீன் கடையில் கிடைக்கும் பெரிய தெர்மாகோல் பெட்டியில் மூன்று அடுக்கு போடலாம். அடியில் ஓட்டை போட மறந்துவிடாதே, தண்ணீர் தேங்கி அடுக்கு குழம்பிவிடும். எத்தனை பிள்ளைகள், எத்தனை குழு என்று எழுது. உறைக்குள் வைக்கும் தாளின் மாதிரியை அடுத்த தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
சிவராமன்